மேட்டில் திணறும் கார்: பம்பை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

கேள்வி: மதுக்கரை வட்டாரத்து வாசகர் ஒருவரிடம் பன்னிரண்டு ஆண்டு ஓடிய சின்ன பெட்ரோல் கார் இருக்கிறது. இரண்டாம் கையாக வாங்கியது. விடிகாலையில் காய்கறி மூட்டைகளை ஏற்றிப் போவதும், வாரத்தில் இரண்டு நாள் தாயாரை டயாலிசிஸுக்குக் கோவைக்கு அழைத்துப் போவதும் அந்த ஒரே வண்டியில்தான். இரண்டு மாதமாக மேடு ஏறும்போது வண்டி திக்கித் திக்கி இழுக்கிறது. சில நாள் நின்றே போகிறது. பத்து நிமிடம் விட்டு செல்ஃப் அடித்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. ஒரு முறை தாயார் உள்ளே இருக்கும்போதே மரப்பாலத்துக்குப் பக்கத்தில் லாரிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் பெட்ரோல் பம்பை செட்டோடு மாற்றச் சொல்கிறார்கள். இன்னொரு இடத்தில் இன்ஜெக்டர் என்கிறார்கள். மூன்றாவது இடத்தில் கம்ப்யூட்டர் போர்டு போயிருக்கும் என்கிறார்கள். மூன்றையும் மாற்றினால் முப்பதாயிரத்தைத் தாண்டும். கறவையில் இருக்கும் மாட்டை விற்றுவிடலாமா என்று வீட்டில் பேச்சு. முதலில் எதை மாற்றுவது என்று அவர் கேட்டிருக்கிறார்.

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். மாட்டையும் விற்க வேண்டாம். மூன்று இடத்தில் மூன்று பொருளைச் சொல்கிறார்கள் என்றால், யாரும் இன்னும் அளந்து பார்க்கவில்லை என்று பொருள். இலை மஞ்சளானதும் யூரியாவை அள்ளி வீசுவது போன்றதுதான் இதுவும். தழைச்சத்து குறைந்தாலும் இலை மஞ்சளாகும். வேரில் தண்ணீர் தேங்கினாலும் மஞ்சளாகும். இரும்புச்சத்து குறைந்தாலும் மஞ்சளாகும். அடி இலையா, கொழுந்து இலையா, நரம்பு பச்சையாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் உரம். காருக்கும் அதே முறைதான். கடிதம் வந்தவுடன் அந்த வாசகருக்குத் தொலைபேசியில் சொல்லப்பட்ட வரிசை கீழே தரப்பட்டிருக்கிறது. அவர் செய்து பார்த்துத் தெரிவித்த முடிவும் இருக்கிறது. சின்ன பெட்ரோல் கார், வேன் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் இது உதவும்.

காருக்குள் இருப்பதும் ஒரு பம்புசெட்தான்

கோவைப் பக்கத்து விவசாயிக்குப் பம்புசெட்டைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. காரின் பெட்ரோல் பாதையும் அதே கணக்கில்தான் இயங்குகிறது.

பழைய கார்களில் இருந்தது கார்புரேட்டர். 1983 டிசம்பர் 14-ல் விற்பனைக்கு வந்த மாருதி 800 அதற்கு நல்ல உதாரணம். 796 சி.சி., மூன்று சிலிண்டர். அதில் பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு ஒட்டியிருந்தது. பின்னால் டேங்கில் இருக்கும் பெட்ரோலை அது உறிஞ்சி இழுக்கும். கிணற்று மேட்டில் வைத்த மோனோபிளாக் மோட்டாரைப் போல. சக்‌ஷன் குழாயில் ஊசிமுனை அளவு வெடிப்பு இருந்தாலும் காற்றை இழுத்துக்கொள்ளும். வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாது, ஆனால் பெட்ரோல் வந்து சேராது. சித்திரை வெயிலில் இன்ஜின் சூடும் சேர்ந்தால் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி ஏர் லாக் ஆகிவிடும்.

புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதால் 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு கார்புரேட்டர் படிப்படியாகப் போய், எம்.பி.எஃப்.ஐ. வந்தது. இதில் பம்ப் டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கியிருக்கும். அதாவது சப்மெர்சிபிள். இழுக்கும் வேலை குறைவு, தள்ளும் வேலைதான். சொட்டுநீர்ப் பாசனத்தில் சொட்டுவானுக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் தேவை. பெரும்பாலான சின்ன எம்.பி.எஃப்.ஐ. கார்களில் பெட்ரோல் சுமார் 3 கிலோ அழுத்தத்தில் நிற்க வேண்டும். சரியான அளவு மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். ஒர்க்‌ஷாப் கையேட்டில் இருக்கும்.

பெட்ரோல் போகும் வரிசை இது: டேங்க், பம்பின் அடியில் இருக்கும் வலை, பம்ப், ஃபில்டர், பிரஷர் ரெகுலேட்டர், குழாய், கடைசியாக இன்ஜெக்டர். இன்ஜெக்டர் என்பது கம்ப்யூட்டர் சொல்லும் நேரத்துக்கு மட்டும் திறந்து மூடும் சொட்டுவான். வயலின் கடைசி வரிசையில் தண்ணீர் சொட்டவில்லை என்றால் யாரும் முதல் வேலையாகச் சொட்டுவான்களை எல்லாம் பிடுங்கி மாற்றுவதில்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, மோட்டார் எடுக்கிறதா, கரன்ட் முழுதாக வருகிறதா, ஃபில்டரில் மண் அடைத்திருக்கிறதா என்று மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வருவோம். காரிலும் டேங்கிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் கருவி ஒரு நோட்டுப் புத்தகம்

வண்டி எப்போது திணறுகிறது என்பதை இரண்டு வாரம் எழுதி வையுங்கள். நான்கு விஷயம் போதும். டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது, வண்டி குளிர்ந்திருந்ததா சூடாக இருந்ததா, பாரம் இருந்ததா, எப்படி நின்றது.

இதில் நான்காவது முக்கியம். பெட்ரோல் பற்றாமல் நிற்கும் வண்டி பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் நிற்கும். இழுவை குறையும், திக்கும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்னும் மோசமாகும், காலை எடுத்தால் கொஞ்சம் சமாளிக்கும். சாவியைத் திருப்பி அணைத்தது போலப் பட்டென்று நின்றால், இக்னிஷன் காயில், கிராங்க் சென்சார், மெயின் ரிலே போன்ற கரன்ட் பக்கத்துக் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். சூடானதும் செத்து, ஆறியதும் உயிர் பெறும் பழக்கம் அவற்றுக்கும் உண்டு. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் பம்பை மாற்றினால், புதுப் பம்போடும் வண்டி நிற்கும்.

மதுக்கரை வாசகரின் நோட்டில் எட்டு முறை பதிவாகியிருந்தது. எட்டு முறையும் திக்கித் திக்கித்தான் நின்றிருக்கிறது. அதில் ஏழு முறை பெட்ரோல் முள் கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது.

காசில்லாமல் செய்யக்கூடிய சோதனைகள்

1. பெட்ரோல் ஊற்றிப் பாருங்கள். பழைய கார்களில் பெட்ரோல் முள் பொய் சொல்லும். ஐந்து லிட்டர் கூடுதலாகப் போட்டுவிட்டு அதே மேட்டில், அதே பாரத்தோடு ஏறிப் பாருங்கள். கோளாறு மறைந்தால், டேங்கின் அடிப்பகுதியில்தான் பிரச்னை என்று பாதி தெரிந்துவிட்டது.

2. டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். திணறத் தொடங்கியதும் ஓரமாக நிறுத்தி மூடியைத் திறக்கும்போது ‘புஸ்’ஸென்று காற்றை உள்ளே இழுத்து, அடுத்த நொடியே வண்டி சரியாக ஓடினால் டேங்குக்குக் காற்றுப் போகும் வழி அடைத்திருக்கிறது. மூடி இறுக்கிய கேனில் சின்னக் குழாய் வைத்துத் தண்ணீர் இழுத்தால் கேன் ஒட்டிக்கொள்ளும் இல்லையா, அதுதான். லேசான சத்தம் மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம். சத்தமும் வந்து, கோளாறும் நீங்கினால்தான் கணக்கு.

3. பம்ப் சத்தம் கேளுங்கள். எம்.பி.எஃப்.ஐ. காரில் சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்பினால் பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு மூன்று நொடி ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வந்து அடங்கும். ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் பின்னால் காது கொடுக்க வேண்டும். சத்தமே இல்லை என்றால் பம்புக்குக் கரன்ட் வரவில்லை அல்லது பம்ப் ஓடவில்லை. சத்தம் வந்தால் பம்ப் ஓடுகிறது என்று மட்டும்தான் தெரியும். தேவையான அழுத்தம் தருகிறதா என்பது வேறு கேள்வி.

4. பியூஸ், ரிலே, வயர் பாருங்கள். சத்தம் வராத வண்டிக்கு இது முதல் வேலை. பியூஸ் பெட்டியின் மூடியில் எது பம்ப் பியூஸ் என்று படம் இருக்கும். அதே நம்பர் போட்ட ரிலே பக்கத்தில் இருந்தால் இரண்டையும் மாற்றிச் செருகிப் பார்க்கலாம். தோட்டத்துச் சாளையில் வண்டியை நிறுத்துபவர்கள் எலி கடித்த வயரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தீவன மூட்டை இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்தில் வயர் தப்பாது.

5. காற்று ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். மண் ரோட்டில் ஓடும் வண்டியில் இது சீக்கிரம் அடைக்கும். இழுவை குறைவதும் கரும்புகையும் சேர்ந்து வந்தால் இங்கிருந்து தொடங்கலாம்.

6. ஸ்பார்க் பிளக்கின் நிறம் பாருங்கள். இன்ஜின் ஆறிய பிறகு கழற்ற வேண்டும். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் எரிப்பு சரி. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது அல்லது காற்று குறைகிறது. வெளுத்துப் போயிருந்தால் பெட்ரோல் குறைகிறது அல்லது எங்கோ கூடுதல் காற்று நுழைகிறது. பெட்ரோலில் நனைந்திருந்தால் அந்த சிலிண்டரில் தீப்பொறி வரவில்லை என்று சந்தேகப்படலாம். ஒரு பிளக் மட்டும் வேறு நிறமாக இருந்தால் கோளாறு அந்த சிலிண்டரோடு நிற்கிறது. எல்லாம் ஒரே மாதிரி மாறியிருந்தால் பொதுப் பாதையில் கோளாறு.

காசு கொடுத்துச் செய்ய வேண்டிய இரண்டு அளவுகள்

முதல் அளவு, பெட்ரோல் அழுத்தம். கேஜ் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போக வேண்டும். வண்டி நின்ற இடத்தில் சும்மா ஓடும்போது மட்டும் பார்த்தால் போதாது. சும்மா ஓடும் இன்ஜினுக்கு மிகக் குறைந்த பெட்ரோல்தான் தேவை. அடைத்த வலைகூட அதற்குக் கொடுத்துவிடும். ஒரே ஒரு வால்வைத் திறந்தால் அழுத்தம் சரியாகக் காட்டி, மொத்த வயலுக்கும் திறந்தால் கேஜ் முள் படுத்துவிடும் சொட்டுநீர் அமைப்பைப் பார்த்திருப்பீர்கள். அதனால் கோளாறு வரும் நேரத்திலேயே, அதாவது பாரத்தோடு மேடு ஏறும்போது அளக்க வேண்டும். கேஜை முன் கண்ணாடிக்கு வெளியே பத்திரமாகக் கட்டி, மெக்கானிக் ஓட்டிப் பார்ப்பார். பெட்ரோல் இருக்கும் கேஜைக் காருக்குள் கொண்டுவரவே கூடாது.

இந்த ஓர் அளவிலேயே பாதை பிரிந்துவிடும். வண்டி திணறும்போது அழுத்தமும் விழுந்தால் டேங்குக்கும் கேஜுக்கும் நடுவில் கோளாறு. வண்டி திணறியும் முள் அசையாமல் நின்றால் பம்ப் குற்றவாளி இல்லை. இன்ஜெக்டர், சென்சார், இக்னிஷன் என்று மறுபக்கம் தேட வேண்டும்.

இரண்டாவது அளவு, பம்புக்கு வரும் வோல்ட். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கும். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கனெக்டரில் மீட்டர் வைத்துப் பார்த்தால் அரை வோல்ட் போலக் குறைந்திருக்கலாம். இரண்டு மூன்று வோல்ட் குறைந்தால் துருப்பிடித்த கனெக்டரோ, எர்த் வயரோ கரன்ட்டை விழுங்குகிறது. லோ வோல்டேஜில் மோட்டார் ஓடியும் தண்ணீர் மேலே ஏறாததை எத்தனை ராத்திரி பார்த்திருக்கிறோம். அதற்காக மோட்டாரை மாற்றுவதில்லையே.

எரியும் இன்ஜின் விளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்கேனரில் வரும் கோடு ஒரு தடயம் மட்டுமே. கலவையில் பெட்ரோல் குறைகிறது என்று அது சொல்லும். ஏன் குறைகிறது என்று சொல்லாது. பல சின்ன கார்களில் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் சென்சாரே கிடையாது. ஆகவே விளக்கு எரியவில்லை என்பதால் பெட்ரோல் பாதை சரியாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

அளந்ததில் என்ன தெரிந்தது?

ஐந்து லிட்டர் கூடுதலாகப் போட்டதும் மதுக்கரை வண்டி திணறுவது குறைந்தது, முழுதாக நிற்கவில்லை. மூடியைத் திறந்து பார்த்ததில் மாற்றமில்லை. பம்ப் சத்தம் வந்தது. காற்று ஃபில்டர் சுமார், பிளக்குகள் மூன்றும் ஒரே மாதிரி கொஞ்சம் வெளுத்திருந்தன. ஆக, எல்லா சிலிண்டருக்கும் பொதுவாகப் பெட்ரோல் குறைகிறது என்பது வரை வீட்டிலேயே தெரிந்துவிட்டது.

அடுத்து கேஜ். சும்மா ஓடும்போது 2.9 கிலோ. பாரத்தோடு மேட்டில் 1.8. வோல்ட் பார்த்ததில் பேட்டரியில் 13.9 இருக்க, பம்பில் 10.8 மட்டும் வந்தது. பின் சீட்டுக்கு அடியில் இருந்த கனெக்டர் பச்சை பூத்துக் கிடந்தது. காய்கறி மூட்டைகளிலிருந்து வடியும் ஈரம் சீட்டுக்கடியில் இறங்கி வந்திருக்கிறது. கனெக்டரை மாற்றியதும் மேட்டில் 2.3 கிலோ வரை ஏறியது. இன்னும் போதவில்லை. பம்பை வெளியே எடுத்துப் பார்த்தால் அடிவலை துருப்பொடியும் வண்டலுமாக அடைத்திருந்தது. டேங்கைச் சுத்தம் செய்து வலையை மாற்றியபின் மேட்டிலும் 2.9-ல் முள் நின்றது. எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. இன்ஜெக்டரையும் கம்ப்யூட்டர் போர்டையும் யாரும் தொடவில்லை.

பத்து நிமிடம் விட்டால் ஏன் ஓடியது? பம்ப் நின்றதும் வலையில் ஒட்டியிருந்த குப்பை உதிர்ந்து கீழே படியும். மறுபடி ஓட்டினால் கொஞ்ச தூரத்தில் மறுபடி ஒட்டும். ஃபுட் வால்வில் சருகு ஒட்டிய மோட்டார் நடந்துகொள்வதும் இப்படித்தான்.

பம்ப் கொஞ்சம் தேய்ந்துதான் இருக்கிறது, ஒன்றிரண்டு வருடத்தில் மாற்ற வேண்டி வரும் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். அளந்து பார்த்த பிறகும் அழுத்தம் ஏறாமல் இருந்தால் பம்பைத்தான் மாற்ற வேண்டும். அப்போது தயங்கக் கூடாது. நோயாளியை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியில் ‘ஓடற வரைக்கும் ஓடட்டும்’ என்ற பேச்சுக்கு இடமில்லை.

ஒர்க்‌ஷாப்பில் சண்டை போடவும் வேண்டியதில்லை. “மாத்தறதுக்கு முன்னாடி பிரஷர் எவ்வளவு இருக்குன்னு காட்டுங்க, பம்புக்கு எத்தனை வோல்ட் வருதுங்க?” என்று கேட்டால் போதும். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்வியை விரும்புவார். கழற்றிய பழைய பொருளைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இருநூறு ரூபாய்க்குப் பெட்ரோல்

கையில் காசு வரும்போது இருநூறு, முந்நூறுக்குப் போட்டுக்கொள்வது நம் வீடுகளில் பழக்கம். அதில் தவறில்லை. ஆனால் முள் எப்போதும் அடியிலேயே கிடந்தால் இரண்டு கெடுதல் உண்டு. எம்.பி.எஃப்.ஐ. பம்பைக் குளிர வைப்பது அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். மட்டம் குறைந்தால் பம்ப் சூட்டில் ஓடும், மேட்டிலும் வளைவிலும் காற்றை விழுங்கும். கிணறு வற்றியபின் சப்மெர்சிபிளை ஓட்டினால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு வழி இருக்கிறது. 35 லிட்டர் டேங்க் உள்ள காரில் கால் பாகம் என்பது ஏறக்குறைய 9 லிட்டர். வெள்ளாமைக் காசு வரும்போது ஒரே ஒரு முறை அந்த 9 லிட்டரைக் கூடுதலாகப் போட்டுவிட்டு, அது டேங்கிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். அதன்பிறகு வழக்கம் போல இருநூறுக்கே போட்டுக்கொள்ளலாம். முள் கால் பாகத்துக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். மாதச் செலவு கூடாது.

எத்தனால் கலந்த பெட்ரோலும் பழைய வண்டியும்

நாட்டில் பெட்ரோலோடு 10 சதவீத எத்தனால் கலப்பு 2022 ஜூனில் எட்டப்பட்டது. 20 சதவீதம் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரி 6-ல் பெங்களூருவில் தொடங்கி வைக்கப்பட்டது. 2025-க்குள் கலப்பு 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் வருவது என்பதால் விவசாயிக்கு இதில் விற்பனை வாய்ப்பு உண்டு. மக்காச்சோளத்துக்குக் கோழித்தீவனத்தோடு எத்தனால் ஆலையும் இப்போது போட்டி. பிரேசில் நாடு 1975-லேயே கரும்பு எத்தனாலில் இறங்கியது. அங்கே எத்தனாலுக்கு ஏற்ற கார்கள் பரவலாக ஓடுகின்றன. இங்கே ஓடுவதில் பல பழைய வண்டிகள் என்பதால், மூன்று விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று, எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் இறங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அந்த அடியில்தான். மழையில் டேங்க் மூடி சரியாக மூடாத வண்டி, மாதக்கணக்கில் நிற்கும் வண்டி இரண்டும் கவனிக்கப்பட வேண்டியவை. மெக்கானிக்கிடம் கொஞ்சம் பெட்ரோலை அடியிலிருந்து எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் அரைமணி நேரம் அசையாமல் வைக்கச் சொன்னால், இரண்டு அடுக்காகப் பிரிவதும் துரு படிவதும் கண்ணுக்கே தெரியும்.

இரண்டு, எத்தனால் பழைய டேங்கில் ஒட்டியிருந்த பிசினையும் துருவையும் கிளப்பிவிடும். பழைய ரப்பர் குழாய், வாஷர்கள் உப்பவோ வெடிக்கவோ செய்யலாம். 2023 ஏப்ரலுக்கு முன் வந்த வண்டி என்றால் கையேட்டைப் பாருங்கள். ஃபில்டரையும் ரப்பர் குழாய்களையும் அடிக்கடி பார்த்து, தேவைப்பட்டால் எத்தனாலுக்கு ஏற்றதாக மாற்றுங்கள்.

மூன்று, எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதக் கலப்பில் இது 6, 7 சதவீதம் போல வரும். 18 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 17-க்கு இறங்கினால் அது பெட்ரோலின் கணக்கு. 12-க்கு இறங்கினால் வண்டியில் கோளாறு.

உயிரோடு விளையாட வேண்டாம்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். சாளைக்குள், கட்டுத்தரைக்குப் பக்கத்தில், வைக்கோல் போருக்கு அருகில் பெட்ரோல் பாதையைக் கழற்றாதீர்கள். திறந்த வெளியில், இன்ஜின் ஆறிய பிறகு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு மட்டுமே செய்ய வேண்டும்.

எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் இன்ஜின் நின்ற பிறகும் குழாயில் அழுத்தம் இருக்கும். அப்படியே கழற்றினால் முகத்தில் பீய்ச்சும். பம்ப் பியூஸைப் பிடுங்கிவிட்டு இன்ஜினைத் தானாக அணையும் வரை ஓட்டி, அழுத்தத்தை இறக்கிய பிறகே தொட வேண்டும். பழக்கமில்லாதவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

வாயால் பெட்ரோலை உறிஞ்சி எடுக்காதீர்கள். ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. தவறி விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

மருந்து தெளிப்பான் ஹோஸ், சொட்டுநீர் லேட்டரல் குழாய், கட்டுக்கம்பி இவை தோட்டத்தில் கையோடு கிடைக்கும். பெட்ரோல் பாதையில் இவற்றுக்கு வேலை இல்லை. கார்புரேட்டர் வண்டிக்கு விற்கும் ஹோஸ்கூட எம்.பி.எஃப்.ஐ. அழுத்தத்தைத் தாங்காது. அதற்கென்று உள்ள ஹோஸும் கிளிப்பும்தான் போட வேண்டும். வண்டியில் 1 கிலோ பவுடர் தீயணைப்பான் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. தீ மிதந்து பரவும்.

மற்ற வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கத்து வாசகர் ஒருவரின் வேனில் காலையில் பெட்ரோல் வாடை அடிக்கிறது. ஓட ஆரம்பித்ததும் தெரிவதில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகலாமா?

பதில்: வேண்டாம். ஓடும்போது வாடை தெரியாததற்குக் காரணம் காற்று அடித்துப் போவதுதான், கசிவு நின்றதால் அல்ல. டேங்க் கழுத்துக் குழாய், ரிட்டர்ன் குழாய், கார்புரேட்டர் வண்டி என்றால் மிதவை அறை வழிவது ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். கசிவைக் கண்டுபிடிக்கும் வரை வண்டியை வீட்டை ஒட்டி நிறுத்தாதீர்கள்.

கேள்வி: களையெடுக்கும் பவர் வீடர் நான்கு மாதம் சும்மா இருந்தபின் ஸ்டார்ட் ஆகவில்லை. கார்புரேட்டர் ஜெட்டைக் குண்டூசியால் குத்தலாமா?

பதில்: கூடாது. ஜெட்டின் துளை மிக நுணுக்கமான அளவு. ஊசி பட்டால் பெரிதாகிவிடும். அதன்பிறகு பெட்ரோல் அதிகம் குடித்துக் கரும்புகை விடும். கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் மட்டும் போதும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த முறை பருவம் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, தானாக அணையும் வரை இன்ஜினை ஓட்டி வைத்துவிட்டால் ஜெட்டில் பிசின் கட்டாது.

கேள்வி: பெட்ரோல் போட்ட நாளிலிருந்தே வண்டி மிஸ்ஸிங். பங்க் மீது சந்தேகம். எப்படிச் சோதிப்பது?

பதில்: பங்கிலேயே ஃபில்டர் பேப்பர் கேட்கலாம். கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. நாசில் முனையைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விட்டால், இரண்டு நிமிடத்தில் ஆவியாகிக் கறை இல்லாமல் போக வேண்டும். கறை தங்கினால் கலப்படச் சந்தேகம். அடர்த்தி அளந்து காட்டச் சொல்லவும், 5 லிட்டர் அளவுக் குவளையில் ஊற்றிக் காட்டச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. பில் இல்லாமல் புகார் நிற்காது, எப்போதும் பில் வாங்குங்கள்.

கேள்வி: கார்புரேட்டர் வண்டி வெயில் நேரத்தில் நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆவதில்லை. ஈரத்துணி போட்டால் ஓடுகிறது.

பதில்: குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகிறது. ஈரத்துணி அவசரத்துக்குச் சரி. குழாய் எங்காவது சைலென்சர் பக்கம் ஒட்டியிருக்கிறதா, ரேடியேட்டர் விசிறி சுற்றுகிறதா, சக்‌ஷன் பக்கத்து ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றில் ஒன்றாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

வண்டி பற்றிய கேள்வி அனுப்பும் வாசகர்கள் வண்டியின் மாடலும் ஆண்டும், கார்புரேட்டரா எம்.பி.எஃப்.ஐ.யா என்பதும், கோளாறு வரும்போது டேங்கில் இருந்த பெட்ரோல் அளவும் சேர்த்து எழுதவும். அளந்து பார்த்த எண்கள் இருந்தால் அவற்றையும் எழுதினால் பதில் சொல்வது எளிது.